உள்ள கொண்டு போயி விடுறது

கார்கோங்கிற வார்த்த மைக்குல வந்து விழுந்ததும் பிரகாசி நிமிந்து உக்காந்தா. அதுவரைக்கும் இங்கிலீசு அவ காதோரமா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஒண்ணும் ஒட்டல. கார்கோ ஒட்டுச்சு. பின்னாலயே இம்போர்ட்டு, டெர்மினலு, ரிலீசு. தூத்துக்குடி ஹார்பர்ல லாஞ்சிப் படகு ஓட்டுனவருக்கு வாக்கப்பட்டவளுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுக்கணும், உப்பு புளி மாதிரி வீட்டுக்குள்ள கெடந்த வார்த்தைக. ஆனா மேடையில நிக்கிற மருமவ மெட்டில்டா ஹார்பரப் பத்திப் பேசல. ஒடம்புல கண்ணுக்குத் தெரியாத செல்லு ஒண்ணு, அந்தச் செல்லுக்குள்ள உட்கருன்னு ஒரு ரூம்பு, அந்த ரூம்புக்குள்ள ரைபோசோம்ங்கிற மிசினுக்கு வேண்டிய சாமான் எப்பிடிப் போயிச் சேருதுன்னு பேசுதா. வருசக்கணக்கா அதத்தான் படிச்சா, இன்னைக்கு அதுக்குக் கடைசிப் பரீட்ச, வைவாவாம். ஊரு ஒலகத்துல யாரு வேணும்னாலும் வந்து உக்காந்து கேக்கலாமாம், வந்தவங்களுக்கெல்லாம் பரீட்ச எழுதுறவ வீட்டுலதான் ஸ்வீட்டு காரம் குடுக்கணுமாம். பரீட்ச வைக்கிறவனுக்குப் பரீட்ச எழுதுறவளே மிக்சர் வாங்கிக் குடுக்கிற படிப்ப பிரகாசி இப்பத்தான் பாக்கா. இந்த இம்போர்ட்டு விசயத்துல மொதல்ல அவ ஏமாந்ததுதான் பெரிய கூத்து. கல்யாணமாகி வந்த புதுசுல மெட்டில்டா, நான் இம்போர்ட்டு பத்தி ஆராய்ச்சி பண்ணுதேன் மாமின்னு சொல்லிட்டா. விடுவாளா பிரகாசி, தெரு பூராவும் சொல்லியாச்சு, என் மருமவ ஹார்பர் இம்போர்ட்டுக்கு டாக்டர் பட்டம் படிக்கான்னு. பக்கத்து வீட்டு லில்லி ஒரு கிண்ணத்துல தேங்காப்பால் கிண்டுன தொதல் கொண்டாந்து வச்சிட்டு, எக்கா, நம்ம பய டிகிரி முடிச்சிட்டுச் சும்மா கெடக்கான், ஒங்க மருமவகிட்டச் சொல்லிக் கஸ்டம்ஸ்ல ஒரு எடம் பாக்கக் கூடாதான்னு நிக்கா. தொதல் தின்னு முடிச்ச பெறவுதான் உண்ம வெளிய வந்துச்சு. மகன் கித்தேரியான் தரையில உக்காந்து சிரிச்சான், ஏ யம்மா, ஒன் மருமவ ரொட்டி மாவு பொங்கப் போடுற ஈஸ்ட்டுக்குள்ள கப்பல் விடுதா, லில்லி மகனுக்கு அதுலதான் வேல, ஈஸ்ட்டுக்குள்ள சுங்கம் வசூல் பண்ணணும்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சி விக்கல் எடுத்துருச்சி அவனுக்கு. சீனி அள்ளி வாயில போட்டாத்தான் நின்னுச்சு. சின்னதுல இருந்தே அவனுக்கு அப்பிடித்தான், சிரிச்சா விக்கல். சிரிப்பு, விக்கல், சீனி டப்பா. சீனி டப்பா மூடி சரியா மூடாது, எறும்பு வரும்.

எறும்பப் பத்தி நெனைக்கிற எடமா இது. பிரகாசி சேலத் தலப்ப இழுத்து தோள மூடுனா, ஏசி காத்து நேரா பிடரியில அடிக்கி. ஆசுபத்திரியிலயும் இப்பிடித்தான் ஏசி இருந்துச்சு, டெங்குக் காச்சலு, தட்டணு கொறைஞ்சிக்கிட்டே போகுதுன்னாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கித்தேரியான் படுத்திருந்தான், இந்தப் பக்கம் இவளும் மெட்டில்டாவும் ஒரே போர்வைய ரெண்டு பேரும் போத்திக்கிட்டு. வேண்டாம். அந்தப் பக்கம் போகக் கூடாது. கண்ண மேடைக்குத் திருப்பு. மேடைக்குக் கீழ ஓரமா லேப்டாப்புக்கிட்ட உக்காந்திருக்கான் பாரு, கண்ணாடிய மூக்குல இருந்து தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டு, அவந்தான் சுயம்புலிங்கம். உடன்குடிக்காரன், மெட்டில்டா வேல பாத்த அதே லேப்புல அவளுக்கு மூத்தவன், பூனாவுல வேல கெடச்சிருக்கு. அவன் மெட்டில்டாவக் கல்யாணம் பண்ணிக்கிடுதேன்னு கேட்டிருக்கான். மெட்டில்டா அத நேரா மாமியாகிட்டயே வந்து சொன்னா, பெரிய வியாழனுக்கு முந்தி ஒருநா, துணி மடிச்சிக்கிட்டு இருக்கும்போது. சொல்லிட்டு, மாமி, நீங்க சரின்னாச் சரி, வேண்டாம்னா வேண்டாம், எனக்கு அவ்வளவுதான்னா. பிரகாசி வாயத் தெறக்கல. உயிர்ப்புத் திருநா போச்சு, மாதாவோட மே மாசம் போச்சு, வாயத் தெறக்கல. இன்னைக்குக் காலையில பஸ்ல வரும்போது மெட்டில்டா சன்னலப் பாத்துக்கிட்டே சொல்லுதா, மாமி, சுயம்பு இனியும் அவரு வீட்டுல சொல்லாம இருக்க முடியாதாம், நாளைக்கு பூனா கெளம்புதாரு, இன்னைக்கு வைவா முடியவும் ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க. வேண்டாம்னாலும் நான் கோவப்பட மாட்டேன். அவ கோவப்பட மாட்டா, அதான் வெனையே. கோவப்படுறவளா இருந்தா ரெண்டு வார்த்த நானும் ஏசிட்டு, அவளும் ஏசிட்டு, பேக்கத் தூக்கிட்டுப் போயிருப்பா, மனசு ஆறியிருக்கும். இவ வேண்டாம்னு சொன்னா நெசமாவே இருந்துருவா. வயசு முப்பத்தொண்ணு. இருந்துருவா.

வேண்டாம்னு சொல்ல காரணமா இல்ல? எத்தன வேணும். அவன் வேதக்காரன் இல்ல, கோயிலு கொடைன்னு கெடக்கிற குடும்பம். பங்குச் சாமியாரு என்ன சொல்லுவாரு. லில்லி என்ன சொல்லுவா, லில்லி சொல்லாம இருப்பாளா. ஆளும் கூனிக்கிட்டு நடக்கான், கித்தேரியான் நடந்தா நெஞ்சு முன்னால போகும், பின்னாலதான் அவன் வருவான். இதெல்லாம் பிரகாசி மனசுக்குள்ள அடுக்கி அடுக்கி வச்சிருந்தா, ஒண்ணும் நிக்கல, எல்லாம் சரிஞ்சி சரிஞ்சி விழுது. ஏன்னா பய நல்லவன். காலையில இவ உள்ள நொழையவும் ஓடி வந்து, அம்மா, ஏசிக்கு நேரா உக்காராதீங்க, இங்கிட்டு வாங்கன்னான். இவதான் வீம்புக்கு, இங்கனயே இருக்கேம்ப்பான்னு இந்த நாற்காலியில உக்காந்தா. இப்ப பிடரி விறைச்சிக் கெடக்கு. வீம்புக்கு யாரு போர்வ குடுப்பா.

மேடையில படம் மாறுது. ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள சின்ன வட்டம். இது பிரகாசிக்குத் தெரிஞ்ச படம். ஒருநா சாளமீன் ஆஞ்சிக்கிட்டு இருக்கும்போது மெட்டில்டா மீன் சட்டிய வச்சே சொல்லிக் குடுத்தா. மாமி, இந்த ரைபோசோம் இருக்குல்லா, அதுதான் ஒடம்புல எல்லாப் புரதத்தையும் செய்யுற மிசினு. அந்த மிசினுக்கு உதிரிச் சாமானும் புரதந்தான். அந்த உதிரிச் சாமான் எங்க செய்யுதுன்னு நெனைக்கீங்க, உட்கருவுக்கு வெளிய. ஆனா மிசினப் பூட்டுற எடம் உட்கருவுக்குள்ள. அதனால வெளிய பெறந்தது எல்லாம் உள்ள போகணும், உள்ள போயி மத்ததோட சேந்து பூட்டுனபெறவு மிசினா வெளிய வரணும். பிரகாசி கத்திய வச்சிட்டுக் கேட்டா, ஏளா, வெளிய செஞ்சத உள்ள கொண்டு போயிப் பூட்டி மறுபடி வெளிய கொண்டாரணுமா, வெளியவே பூட்டித் தொலச்சா என்ன கேடு? அதக் கண்டுபிடிக்கத்தான் மாமி கவர்மெண்டு எனக்குச் சம்பளம் குடுக்குன்னா. கித்தேரியான் அடுப்படி வாசல்ல நின்னு, எங்க அம்மாவ அந்த ரூம்புக்கு மேஸ்திரியா போட்டா ஒரு வாரத்துல எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிருவான்னான். மெட்டில்டா அடுத்தாப்புல சொன்னதுதான் மனசுல நின்னுச்சு. அந்த உதிரிச் சாமான் பெறந்த ஒடனே தனியா நிக்கத் தெரியாதாம். பிசுபிசுன்னு இருக்குமாம், எதுமேலயாவது ஒட்டிக்கிட்டுக் கெட்டுப் போயிருமாம். அதனால அதப் பொத்தி, கைக்குள்ள வச்சிக் கூட்டிட்டுப் போறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு மாமி. அது கூட வந்தாத்தான் உட்கரு வாசல்ல வழி விடும். எங்கயும் போயிச் சேராம வெளியவே அலையிறத செல்லு விட்டு வைக்காது, பிச்சிப் போட்டுரும். அய்யய்யோன்னா பிரகாசி. அதுக்காகத்தான் சொல்லுதேன் மாமி, கூட்டிட்டுப் போறது முக்கியம்.

கூட்டிட்டுப் போறதுன்னா அது ஹார்பர்ல பைலட்டு பாக்கிற வேலதான. வெளிநாட்டுக் கப்பல் எவ்வளவு பெருசா இருந்தாலும் தானா ஹார்பருக்குள்ள வந்துரக் கூடாது, வெளிய கடல்ல நங்கூரம் போட்டுக் காத்துக் கெடக்கணும். இங்க இருந்து பைலட்டு லாஞ்சியில போவாரு, நூலேணியப் பிடிச்சி ஏறுவாரு, அவர் சொல்லுற திக்குக்குத் திருப்பித் திருப்பித்தான் கப்பல் உள்ள வரும். அந்த லாஞ்சியத்தான் பிரகாசி வீட்டுக்காரரு சவரியான் ஓட்டுனாரு, மனுசன் இருந்த வரைக்கும் மண்டைக்குள்ள டீசல் வாட போகல. உள்ள வந்து கப்பலக் கட்டுனதும் பைலட்டு எறங்கிருவாரு. கப்பல்காரன் காபி குடுப்பான், சிகரெட்டு குடுப்பான், இருங்க சாப்புட்டுப் போங்கம்பான், எறங்கித்தான் ஆகணும், வெளிய அடுத்தது நிக்கும். ஒருதடவ பிந்தோ தொரன்னு ஒரு பைலட்டு, கப்பல வெளிய கொண்டு போயி விடப் போனவரு, காத்துக் கடல், அலை வீடு ஒசரத்துக்கு எந்திரிக்கி, சவரியான் லாஞ்சியக் கிட்ட கொண்டு போறாரு, நூலேணி அந்தப் பக்கம் ஆடுது இந்தப் பக்கம் ஆடுது, எறங்க முடியல. கப்பல் கொழும்புக்குப் போகுது, தொரையும் கொழும்புக்குப் போயிட்டாரு. கையில பாஸ்போர்ட்டு இல்ல, மாத்துத் துணி இல்ல. அவரு பொண்டாட்டி இங்க மத்தியானச் சோத்த மூடி வச்சிக் காத்திருக்கா. பெறவு கொழும்பு பிஸ்கட்டும் ஒரு குடையும் வாங்கிட்டுத் திரும்பி வந்தாரு, ஊரே சிரிச்சிச்சு. சவரியான் மட்டும் சிரிக்கல. எறங்க முடியாம அவரு கம்பியப் பிடிச்சிட்டுப் பாத்த பார்வ இருக்கே பிரகாசி, அது சிரிக்கிற பார்வ இல்லன்னாரு. அந்தப் பார்வ எப்பிடி இருந்திருக்கும். ஏறுன எடத்துலயே நின்னுக்கிட்டு, எறங்க வேண்டிய எடம் பின்னால பின்னால போறதப் பாத்துக்கிட்டு. பிரகாசி கண்ண மூடுனா. அந்தக் காச்சல்ல கித்தேரியான் போன பெறவு நாப்பதாம் நா பூசை முடிஞ்சி எல்லாரும் கெளம்பும்போது, மெட்டில்டாவும் கெளம்பிருவான்னுதான் நெனச்சா. தாயும் இல்ல தகப்பனும் இல்ல, அண்ணங்காரன் குவைத்துல, மணப்பாட்டுல பூட்டுன வீடு. போறியா பிள்ளன்னு கேட்டதுக்கு, எங்க போக மாமி, என் ஈஸ்ட்டெல்லாம் இங்கதான கெடக்குன்னா. அன்னைக்கு இருந்து ஒவ்வொரு திங்கக்கெழமையும் ஆஸ்டலுக்குப் போக பஸ்ஸுக்குக் கொண்டு விட்டது பிரகாசி, சனிக்கெழம சாயந்திரம் போயிக் கூட்டிட்டு வந்தது பிரகாசி, படிப்ப விட்டுருதேன் மாமின்னு அவ அழுதப்ப, விட்டேன்னா செருப்பு பிஞ்சிரும்னு சொன்னது பிரகாசி. கூட்டிட்டுத்தான் போனா. இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா கூட்டிட்டுப் போறதும் பிடிச்சி வச்சிருக்கிறதும் வெளிய இருந்து பாக்க ஒண்ணு மாதிரித்தான இருக்கு. கைக்குள்ள இருக்கிறதுக்கு மட்டுந்தான வித்தியாசம் தெரியும்.

பச்ச. ஸ்கிரீன் பூராவும் இப்ப பச்ச. சாமான் எங்க இருக்குன்னு தெரியிறதுக்கு அதுல பச்ச வெளிச்சத்தத் தச்சி விடுவாங்களாம். எடது பக்கத்துப் படத்துல பச்ச எல்லாம் நடுவுல கூடி நிக்கி, போயிச் சேந்துருச்சின்னு அர்த்தம். வலது பக்கத்துல நடு கருப்பாக் கெடக்கு, அத வளைச்சி ஓரத்துல மட்டும் மெல்லிசா ஒரு பச்ச வளையம். மெட்டில்டா அந்த வளையத்துல செவப்பு வெளிச்சத்த வச்சிச் சுத்திச் சுத்திக் காட்டுதா. இந்தப் படத்த பிரகாசி பாத்ததில்ல, இது என்னன்னு சொல்லிக் குடுக்கல அவ. ரிலீசுங்கா. நோ ரிலீசுங்கா. நோ ரிலீசு. வாசல் வரைக்கும் வந்துட்டு விடல போலுக்கு. கூட்டிட்டு வந்தது கைய விடல. வாசல மறிச்சிட்டு நிக்கி. இத ஏன் எனக்குச் சொல்லல இவ, வேணும்னே சொல்லலையா. இல்ல, அவ அப்பிடியெல்லாம் குத்திக் காட்டுறவ இல்ல. ஆனா அடுப்படியில எல்லாத்தையும் சொன்னவ இத மட்டும் ஏன் சொல்லாம விட்டா. சொன்னா மாமிக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சிருப்பா, என்ன, சின்னப் பிள்ளைக்கு மருந்த மறைக்கிற மாதிரி. நான் என்ன பேய் மாதிரியா பிடிச்சி வச்சிருக்கேன், ஒனக்குப் பிடிக்கலன்னா போளா, யாரு ஒன்னக் கட்டிப் போட்டா. இல்ல. இல்ல மக்கா. கோவம் இல்ல இது. இது என்னன்னு பிரகாசிக்குத் தெரியும், ராத்திரி படுக்கும்போது தெரியும், பகல்ல வேற வேற பேரு போட்டுக் கூப்புடுதா. இஸ்திரிக்காரன் தெருவுல விசில் அடிச்சிட்டுப் போவான், அப்ப இவ அடுப்படியில நிப்பா, அவ ஹால்ல நிப்பா, ரெண்டு பேரு கையும் அப்பிடியே நின்னுரும். கித்தேரியான் வீட்டுக் கேட்டத் தெறக்கும்போது அப்பிடித்தான் விசில் அடிப்பான். பேச வேண்டாம், நின்ன கையே போதும். தயிருக்குள்ள ரசத்த ஊத்திச் சாப்புடுறவன், செருப்ப எப்பவும் எடம் மாத்திப் போடுறவன், அப்பிடி ஒருத்தன் இருந்தான்னு தெரிஞ்சவங்க இந்த ஒலகத்துல ரெண்டு பேரு. ரெண்டு பேரா இருக்கும்போது அவன் இன்னும் கொஞ்சம் இருக்கான். இவ பூனாவுக்குப் போயிட்டா, இஸ்திரிக்காரன் விசில் அடிச்சா, ஒரு கைதான் நிக்கும். ஒரு கை நின்னா அது நெசமா நின்னுச்சான்னு யாரு சொல்லுவா. பாதி அவன நானே செத்துப் போக விடணும். அதுக்குத்தான் சரின்னு சொல்லச் சொல்லுதா இந்தப் பிள்ள, அவளுக்கே தெரியாம.

கை தட்டுற சத்தம். பேசி முடிச்சிட்டா. பிரகாசியும் தட்டுனா, கொஞ்சம் பிந்தி. ஹைதராபாத்துல இருந்து வந்த எக்ஸாமினரு, நரைச்ச மீச, ஒண்ணொண்ணா கேக்காரு, மெட்டில்டா சொல்லுதா, அவரு தலைய ஆட்டுதாரு, மறுபடி அந்தப் பச்ச வளையத்தப் போடச் சொல்லுதாரு. சுயம்பு பதறிப் பதறித் தேடிப் போடுதான். மெட்டில்டா தண்ணி குடிக்கா. மெலிஞ்சிட்டா, பிளவுசு தோள்ல நிக்கல, பிரகாசி பிடிச்சித் தச்ச தையல் அது, இன்னும் ஒரு விரக்கட பிடிச்சிருக்கலாம். நாளைக்கு வேற யாரு பிடிச்சித் தைப்பா. பூனாவுல தையக்காரன் இருப்பான், எந்த ஊர்ல தையக்காரன் இல்ல. மெட்டில்டாவோட கைடு மேடம் எந்திரிச்சி இங்கிலீசுல ஒண்ணு சொல்லிட்டு, பின்னால இருக்கிறவங்களப் பாத்துத் தமிழ்லயும் சொன்னாங்க, இது பொது வைவா, வந்திருக்கிறவங்க யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம்னு. கண்ணாடி போட்ட ஒரு பய எந்திரிச்சி என்னமோ கேட்டான். இன்னொரு பிள்ள கேட்டுச்சு. வேற யாராவதுன்னாங்க மேடம். முன் நாற்காலிய ஒரு கை பிடிச்சிருந்துச்சு, அது தன் கைதான்னு தெரியவே கொஞ்ச நேரமாச்சு பிரகாசிக்கு. அவ நின்னுக்கிட்டு இருந்தா. மேடம் சிரிச்சாங்க, இவங்க மெட்டில்டாவோட மாமியாரு சார்னு எக்ஸாமினருக்குச் சொன்னாங்க, கேளுங்கம்மா. யாரோ மைக்கக் கொண்டாந்து குடுத்தாங்க. அது வேண்டாம்ப்பா, எனக்குத் தொண்ட இருக்குன்னா பிரகாசி. ஹாலே சிரிச்சிச்சு. அவ சிரிக்கல. அந்த வளையம் இருக்குல்லா, வாசல்ல நிக்கிறது. மெட்டில்டாவுக்கு மொகம் மாறிருச்சு. ஆமா மாமி. அது ஏன் விடல? அது நாங்க செஞ்ச கோளாறு மாமி, அதுல விடுறதுக்கான எடத்த வெட்டி எடுத்துட்டோம், அதனால விட முடியல. கோளாறு இல்லாதது? அது விட்டுரும். தானா விடுமா? தானா விடாது மாமி. உள்ள இருந்து ஒண்ணு வந்து அதத் தொடும். தொட்டாத்தான் விடும். விட்டதுக்கப்புறம் கூட்டிட்டு வந்தது என்ன ஆகும், அதையும் பிச்சிப் போட்டுருமா? இல்ல மாமி, இல்ல. தொட்டதக் கூடவே வச்சிக்கிட்டு வெளிய வந்துரும். வாசலுக்கு வெளிய வந்து அதையும் எறக்கி விட்டுரும். சும்மாவா நிக்கும் பெறவு? கையில ஒண்ணும் இல்லாம? கொஞ்ச நேரம் சும்மாத்தான் மாமி நிக்கும். பிரகாசி சுயம்பப் பாத்தா, அவன் லேப்டாப்ப மூடவும் தெரியாம தெறக்கவும் தெரியாம குனிஞ்சிருந்தான். மெட்டில்டாவப் பாத்தா. சரின்னா. மெட்டில்டா அசையல. சரி பிள்ள, நான் கேட்டது கெடச்சிருச்சு, சரின்னு சொல்லுதேன்லா, ஒனக்குக் கேக்கா இல்லையா? கேட்டுச்சு மாமி. அப்ப சரி. எக்ஸாமினரு, வெரி குட் கொஸ்டின்னு சொல்லிக் கை தட்டுனாரு, எல்லாரும் தட்டுனாங்க. மெட்டில்டா மட்டும் தட்டல, திரும்பி நின்னு போர்டப் பாத்துக்கிட்டு இருந்தா, தோளு ரெண்டும் மேல போயிக் கீழ வந்துச்சு.

பிரகாசி உக்காந்தா, உடனே எந்திரிச்சிட்டா, உக்காந்தா இனி எந்திரிக்க முடியாதுன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சிருக்கும் போல. வெளிய வராந்தாவுல நல்ல வெயிலு, பிடரியில பட்டதும் வலி எளகுச்சு, எளகவும் கண்ணுல தண்ணி வந்துச்சு, வெயிலுக்குத்தான் வருதுன்னு விட்டுட்டா. மேசையில ஜாங்கிரி மிக்சர் டப்பாவெல்லாம் அடுக்கியிருந்துச்சு. சுயம்பு பின்னாலயே வந்து நின்னான், அம்மா, நான் எடுத்து வைக்கட்டுமான்னான். அவன் கண்ணாடிக்குள்ள ஈரமா இருந்துச்சு. எடுத்து வைக்காம என்ன வேடிக்கையா பாக்கப் போற, வீட்டு ஆளுகதான குடுக்கணும், போ, மொதல்ல எக்ஸாமினருக்குக் குடு, நிமிந்து நடந்து போன்னா. அவன் நிமிந்து போனான், ரெண்டு எட்டுல மறுபடி கூனிட்டான். சரி, அது அப்பிடித்தான். உள்ள மெட்டில்டாவச் சுத்திக் கூட்டம், போட்டோ எடுக்காங்க, நடுவுல நின்னு மாமி எங்க மாமி எங்கன்னு அவ தேடுறது தெரியுது. பிரகாசி தூண் பக்கமா ஒதுங்கிக்கிட்டா, இந்தப் போட்டோ அவங்க ரெண்டு பேரு வீட்டுல மாட்டுறதுக்கு, அதுல கெழவி எதுக்கு. காபி கேனத் தூக்கிட்டு வந்த ஆபீசு பொம்பள ஒரு கப்ப ஊத்தி இவகிட்ட நீட்டுனா. குடிங்கம்மா, மொகமெல்லாம் வாடிப் போயிருக்கு. நீங்க அந்தப் பொண்ணுக்கு யாரு, அம்மாவா? இல்லன்னு பிரகாசி தலைய ஆட்டுனா. மாமியாருன்னு சொல்ல வாய் தெறந்துச்சு, அந்த வார்த்த இப்ப வேற ஒருத்திக்கு, உடன்குடியில சுயம்புவப் பெத்தவளுக்கு. காபிய ஒரு வாய் குடிச்சா. சூடு நாக்கச் சுட்டுச்சு.

கூட வந்தவதான்னா.